பேர், நிறை, பிரசாவுரிமை: மலையகப் படைப்புகளில் மனிதப் பெறுமதி பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தமிழகராதிகள் தராத பொருளொன்று வழங்கி வருகின்றது. ஒரு தொழிலாளி ஒரு நாளைக்குரிய வேலையை முடித்து, செக்றோலில் அவரது பெயருக்கு நேரே அந்நாள் பதியப்படுமாயின் அவருக்கு ‘ஒரு பேர்’ கிடைத்தது என்பர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தாலோ, நேரம் தவறிப் பெரட்டுக்கு வந்தாலோ அவருக்கு ‘அரைப்பேர்’. மலையகப் புனைகதைகளைப் பற்றிய வகுப்பொன்றிலே, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்த மாணவியொருவர் இச்சொல்லை ஏனையோருக்கு விளக்க நேர்ந்தது. விளக்கிய பின்னர், “அரைப்பேர் என்றால் அன்றைக்கு நாங்கள் பாதி ஆள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பிலே வேறெவரும் சிரிக்கவில்லை.

ஒரு மனிதரின் பெயரும் அவரது நாட்கூலியும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது வெறும் மொழி விநோதமன்று. கூலியுழைப்பு என்னும் உறவு மனிதரின் பெறுமதியை எவ்வாறு வரையறுக்கின்றது என்பதனை இச்சொல் பல நூல்களைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றது. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளும் வினா இதிலிருந்தே எழுகின்றது. மலையகம் பற்றிய படைப்புகள் செக்றோல் வகுத்த அளவுகோலை எவ்வளவு தூரம் மறுத்துள்ளன? எவ்விடங்களிலே அவை தம்மையறியாமல் அதனை ஏற்றுக்கொண்டன? முற்போக்கு விமரிசனத்தின் பக்கம் நின்றே இவ்வினாவை எழுப்புகின்றோம். எனினும் அவ்விமரிசனம் நெடுங்காலம் ஐயமின்றி ஏற்றுவந்த ஒரு கருத்தோடு நாம் முரண்பட வேண்டியிருக்கின்றது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகவே நோக்கலாம். ‘மூலதனம்’ முதலாந் தொகுதியின் இறுதி அத்தியாயத்திலே பீல் என்னும் ஆங்கிலேயரின் கதையை வேக்பீல்டின் நூலிலிருந்து எடுத்து மார்க்ஸ் கூறுகின்றார். 50,000 பவுண் பெறுமதியான பொருள்களையும் 3,000 தொழிலாளரையும் மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்ற அவருக்கு, ஆங்கு போய்ச் சேர்ந்தபின் படுக்கை விரிக்கவோ தண்ணீர் மொண்டு தரவோ ஒரு வேலையாள்தானும் மிஞ்சவில்லை. நிலம் எளிதாகக் கிடைக்குமிடத்திலே எவரும் கூலிக்கு நிற்கமாட்டார் என்பதே கதையின் கருத்து. பொருளும் பணமும் இருந்தால் மட்டும் மூலதனம் ஆகிவிடாது. உழைப்பை விற்பதன்றி வேறு வழியற்ற மனிதர் இருத்தல் வேண்டும். கண்டி மலைநாட்டிலே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் தொடர்பான கட்டளைச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்பதற்கு வழி செய்தது. ஆயினும் வயலும் வீட்டுத்தோட்டமும் கைவசமிருந்த சிங்களக் குடியானவர் தோட்டத்தில் நிரந்தரக் கூலிகளாக முன்வரவில்லை. ஆகவே நிலமற்றோரைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளின் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவ்வேலையைச் செய்து முடித்தன. ‘மூலதனம்’ வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேதான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது தற்செயலான ஒற்றுமையே. ஆனால் மறக்கவியலாத ஒற்றுமை.

இவ்வாறு கொண்டுவரப்பட்டவர்க்கு இடப்பட்ட பெயர் ‘கூலி’. ஆங்கிலத்திலே வழங்கும் இச்சொல் தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. அது எவ்வாறாயினும் தமிழரைப் பொறுத்தவரை நிகழ்ந்த பொருள் மாற்றம் கவனிக்கத்தக்கது. வள்ளுவர் இச்சொல்லை உடல் வருத்தத்திற்குக் கிடைக்கும் பயன் என்னும் பொருளிலே ஆண்டார். கூலி என்பது வருத்தத்திற்கு ஈடு; வருந்துபவன் வேறு. தோட்டத்து வழக்கிலோ ஈட்டின் பெயரே ஆளின் பெயராயிற்று. கூலி பெறுபவன் இல்லாது போனான். கூலி மட்டும் எஞ்சியது.

இதைவிடக் கொடியது ‘துண்டு’. தொழிலாளி தோட்டமொன்றை விட்டு நீங்க வேண்டுமாயின், கங்காணியிடம் அவர்பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பார் எவரோ அவரிடம் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. சந்தைப் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டும் வழக்கம் நாமறிந்ததே. ஆனால் துண்டிலே எழுதப்பட்டது அவர் என்ன பெறுவார் என்பதன்று. எவ்வளவு கொடுக்க வேண்டியவர் என்பது. ஒரு மனிதரின் சந்தைப் பெறுமதி அவரது கடனாக, அதாவது பூச்சியத்திற்கும் கீழ்ப்பட்ட ஒன்றாகக் கணிக்கப்பட்ட விநோதத்தை அது காட்டுகின்றது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உயர்நிலத் தோட்டங்களுக்கு முதன்முதலாக விதிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கங்காணியின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாக அரசின் எழுத்து வந்தது. அது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண், பெண், பிள்ளை என்னும் மூவரின் பெறுமதிக்கிடையே இருக்கவேண்டிய தூரத்தையும் அவ்வெழுத்தே சதக்கணக்கில் நிலைநிறுத்தியது. இதனையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இனிப் படைப்புகளுக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் கதை அது. ஆசிரியர் தோட்டத்தை நேரிற் கண்டு எழுதியதன்று என்பது பலராலும் சொல்லப்பட்டதே. அக்குறையை மீண்டும் மீண்டும் சுட்டுவதாற் பெரும்பயன் இல்லை. நேரிற் கண்டு எழுதிய எத்தனையோ கதைகள் காணாத இடமொன்றை அக்கதை கண்டிருக்கின்றது. மருதியிடமிருந்து தோட்டம் இரண்டு பொருள்களை எடுக்கின்றது: கொழுந்து பறிக்கும் கையையும், அதிகாரமுள்ளவன் விரும்பிய உடலையும். முதலாவதற்குச் செக்றோலிலே பேர் உண்டு. இரண்டாவதற்குப் பேரும் இல்லை, கணக்கும் இல்லை. எழுதப்படாத இச்சுரண்டலையும் கூலியுறவின் ஒரு பகுதியாகவே காட்டியமை புதுமைப்பித்தனின் கூர்மை.

ஆயினும் கதையின் தலைப்பே அதன் எல்லையையும் காட்டிவிடுகின்றது. கேணிக்குள் வீழ்ந்தவரைக் கரையில் நின்று பார்க்கும் பார்வை அது. மருதி துன்புறுகின்றாள், ஆனால் தன் துன்பத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கின்றாள் என்பதற்குக் கதையிலே இடம் குறைவு. தோட்டம் அவளைக் கையாகக் கண்டது. கதை அவளைப் புண்ணாகக் கண்டது எனலாம். அது கடுமையான கூற்று என்று சிலர் கருதக்கூடும். இரக்கம் மனிதப் பெறுமதியை மீட்டுத் தந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருப்பதனாலேயே இதனைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இரக்கத்திற்கு மறுதலையாக எழுந்தது உழைப்பின் பெருமிதம். கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் முப்பதுகளிலே தொழிலாளரிடையே கொண்டுசென்ற பேச்சும் பாட்டும் இதன் தொடக்கம். இதன் முழுமையான இலக்கிய வடிவத்தைச் சி. வி. வேலுப்பிள்ளையிடம் காண்கின்றோம். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி., 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் அத்தேர்தலில் வென்ற எழுவருள் ஒருவர். அடுத்த ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தம்மைத் தெரிவுசெய்த மக்கள் சட்டத்தின் கண்முன் இல்லாதவர்களாக மாறியதைப் பாராளுமன்ற ஆசனத்திலிருந்தே கண்டவர் அவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை நூல் சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று வெளிவந்தது. அது எந்தச் சூழலிலிருந்து எழுந்தது என்பதனை இவ்வரலாறே விளக்கும். தேயிலைத் தூர்களின் கீழே நடுகல்லும் நினைவுச் சின்னமும் இன்றிக் கிடப்போரைப் பற்றி அந்நூல் பேசும்போது அது வெறும் ஒப்பாரியன்று. இம்மண்ணை உண்டாக்கியவர் எவர் என்னும் வினா. உரிமைப் பத்திரமாக உடலையே முன்வைக்கும் வாதம்.

இவ்வாதம் பின்னர் மலையக இலக்கியத்தின் பொதுக்குரலாயிற்று. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ‘தேசிய இலக்கியம்’, ‘மண்வாசனை’ ஆகிய கோட்பாடுகளை முன்வைத்து இயங்கிய காலத்திலே மலையகப் படைப்பாளிகளுக்கு ஈழத்திலக்கியத்தின் நடுவிலே இடம் பெற்றுத் தந்ததும் இதுவே. நாட்டின் வருவாய்க்கு முதுகெலும்பு நாங்கள். ஆகவே இந்நாடு எங்களதும் ஆகும் என்பது அதன் சாரம். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாடற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிமிர்ந்து நிற்க அது ஒரு தரையைக் கொடுத்தது.

ஆனால் அத்தரை யாருடையது? நாம் முரண்படுமிடம் இதுதான். உழைத்து உண்டாக்கிய செல்வத்தின் பேரில் உரிமை கோருவது, உரிமைக்கு அடிப்படை பயன்பாடே என்று ஒப்புக்கொள்வதாகும். அவ்வொப்புதலைத் துரையும் மகிழ்ச்சியோடு செய்வார். இருபது இறாத்தல் பறித்தவருக்குப் பேர், பத்து இறாத்தல் பறித்தவருக்கு அரைப்பேர் என்பதும் அதே தருக்கந்தான். தேயிலை விலை வீழ்ந்தால் உரிமையும் வீழுமா? கை தளர்ந்த கிழவிக்கும், பிள்ளைக்காம்பராவில் தூங்கும் குழந்தைக்கும், தோட்டத்து வேலை வேண்டாமென்று கொழும்புக்குச் சென்ற இளைஞனுக்கும் இவ்வாதத்தில் என்ன இடம்? முதலாளித்துவம் மனிதரை உழைப்புச் சக்தியாகச் சுருக்குகின்றது என்று குற்றஞ்சாட்டிய விமரிசனம், மறுகணமே அவ்வுழைப்புச் சக்தியைத் துதிபாடி அதனாலேயே மனிதருக்கு மதிப்பு என்றது. மார்க்ஸிடம் இத்துதி இல்லை. உற்பத்தி செய்யும் தொழிலாளியாக இருப்பது நற்பேறன்று, துர்ப்பேறே என்பது ‘மூலதன’த்திலே அவர் கூறிய கருத்து.

அரசுகள் இம்மக்களை எண்ணிய விதத்தைப் பார்க்கும்போது இதன் ஆபத்து இன்னும் தெளிவாகும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டுவைத்தனர். 1974இல் அவர்களையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தனர். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் வகுக்கப்பட்டது. எழுவர் கப்பலேறினால் நால்வருக்கு இங்கே பிரசாவுரிமை. அயல் லயத்தார் தலைமன்னார்க் கப்பலுக்கு எப்போது புறப்படுவார் என்பதிலே ஒருவரது நாட்டுரிமை தங்கியிருந்தது. இதிலே ‘பேர்’ என்னும் சொல் மூன்றாவது பொருளொன்றைப் பெறுகின்றது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர். எவருடைய பேரும் அதில் இல்லை. இம்மக்கள் உண்டாக்கிய செல்வத்தைப் பற்றி அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்தோர் அறியாதவரல்லர். அறிந்துகொண்டே பிரித்தனர். உழைப்பின் பெருமிதத்தை அரசு ஒரு வாதமாகவே கொள்ளவில்லை. பாக்கியின்றி வகுத்தற்குரிய எண்ணிக்கை ஒன்றே அதற்கு வேண்டியிருந்தது.

இவ்வளவையும் சொன்னபின் அளவுகோலின் பிடிக்கு வெளியே சென்ற படைப்புகளையும் சுட்டுதல் நம் கடமை. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதல் வாசிப்பிலே உழைப்பின் பெருமிதம் பேசும் கதையாகவே தோன்றும். ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை ஐயத்துக்குள்ளாகின்றது. அந்த ஐயம் அவளது நேர்மையின் மீதான ஐயமாகவும் ஆகிவிடுகின்றது. அதனைத் துடைப்பதற்கு அவளிடமுள்ள சான்று கொழுந்தொன்றே. அவளது கைத்திறனை வியந்து நிறுத்திக்கொள்ளும் வாசிப்பே பெருவழக்கு. நாம் அதிலே வேறொன்றைக் காண்கின்றோம். மானம் என்பதற்குத் தராசு தவிர வேறு சாட்சி இல்லாத உலகம் அது. அவள் வெல்கின்றாள், ஆனால் வெற்றியையும் தராசே அறிவிக்க வேண்டியிருக்கின்றது. இராமையா இதனை விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனாற்றான் கதை இன்றும் நிற்கின்றது. கோஷமாக எழுதப்பட்ட அக்காலக் கதைகள் பலவற்றை இன்று எடுத்துப் படிப்பார் இலர்.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ தோட்டத்து வேலையை நடுவில் வையாத கதை. கொழுந்தும் தராசும் அங்கு முதன்மையல்ல. லயத்தின் ஒற்றைக் காம்பரா ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்விடத்திலே தொடுகின்றது என்பதே கதை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அறையைக் கணக்கிட்டவர், உழைப்புச் சக்தி இரவிலே இளைப்பாறி மறுநாட் காலை மீண்டும் பெரட்டுக்கு வருவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதையே கணக்கிட்டார். நாணம் என்பதற்குக் கணக்கிலே இடமில்லை. நாணப்படுதல் மனிதருக்கே உரியது. உழைப்புச் சக்தி நாணாது. ஆகவே ஜோசப்பின் பாத்திரம் கூனிக்குறுகும் அக்கணத்திலேதான் அவர் முழு மனிதராக நம்முன் நிற்கின்றார். பெருமிதத்தால் அன்றி நாணத்தால் மனிதப் பெறுமதியை நிறுவிய இக்கதையை, வர்க்க உணர்வு குறைந்தது என்று மதிப்பிடுவாரும் இருக்கக்கூடும். அவ்வாறான மதிப்பீட்டோடு நாம் உடன்படவியலாது.

ஒரு மறுப்பு எழும். அளவுகோலை விட்டுவிட்டால் தொழிற்சங்கம் எதைக்கொண்டு போராடும்? 1940இல் முல்லோயாவிலே பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தன் சம்பள உயர்வு கேட்டோரில் ஒருவர். 1984இல் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது வேலைநிறுத்தத்தின் பின்னரே. 54க்கு 43 என்று தொடங்கிய தூரம் ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் எண்ணிக்கையாலேயே அழிந்தது. இம்மறுப்பு நியாயமானது. கூலிக்காகப் போராடுவது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. சதத்தையும் ரூபாவையும் விட்டுக்கொடுத்து மானத்தை மட்டும் பேசுவது வயிறு நிறைந்தோர் பேச்சு. எனினும் போராட்டத்திற்கு வேண்டிய வாதமும் இலக்கியத்திற்கு வேண்டிய நோக்கும் ஒன்றாகிவிடும்போது இரண்டும் நலிகின்றன. பிரசாவுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும் 2021இல் வேதனச் சபை 1,000 ரூபா நாட்சம்பளத்தை விதித்த காலத்திலே நிகழ்ந்தவற்றை நினைவுகூரலாம். அதற்கு முந்திய ஆண்டுகளிலே மலையகம் என்றாலே ‘ஆயிரம் ரூபா’ என்றாகியிருந்தது. கவியரங்கிலும் பத்திரிகைச் சிறுகதையிலும் அதே தொகை. சம்பளம் விதிக்கப்பட்டபின் பல தோட்டங்களிலே கொழுந்தின் கிலோக் கணக்கு உயர்த்தப்பட்டதென்றும், எட்டாதவருக்கு அரைப்பேர் விழுந்ததென்றும் தொழிலாளர் முறையிட்டனர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. எண் மாறியது, எண்ணைப் பெறுவதற்கு நிறையால் தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதி மாறவில்லை. இராமையாவின் கதை அதனை முன்னரே சொல்லியிருந்தது. ஆயிரம் ரூபாக் கவிதைகள் சொல்லவில்லை.

நிறைவாக ஆய்வாளர் கவனத்திற்கு ஒன்று. தோட்டப் பெண்ணின் சம்பளத்தை அவளுடைய கணவனோ தந்தையோ சென்று வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பேர் அவளுடையது, காசு அவள் கைக்கு வருவதில்லை. சம்பள நாளும், சாராயக் கடையும், வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆணும் நம் கதைகளிலே நிறைய வருகின்றன. குடியின் கேடு பற்றிய பாடமாகவே அவை முடிந்துவிடுகின்றன. தன் பேருக்கு நேரே பிறனொருவன் பெருவிரல் ஒற்றுவதைச் சம்பள மேசைக்கு அப்பால் நின்று பார்க்கும் பெண்ணின் பக்கமிருந்து அந்நாளை எழுதிய கதையை, நாம் வாசித்த அளவிலே, ஆண் எழுத்தாளரிடம் காணவில்லை. சி. வி. தொகுத்து 1983இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலை இந்நோக்கிலே மீண்டும் படித்தல் வேண்டும். அப்பாடல்களிற் பெரும்பகுதி பெண்களின் வாயிலிருந்து வந்தவை. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் பாடல்களை எல்லோரும் எடுத்தாண்டிருக்கின்றனர். தாலாட்டுகளை எவரும் தனியே ஆராயவில்லை என்றே தோன்றுகின்றது. செக்றோலில் இன்னும் பேர் பதியப்படாத ஒருவரை நோக்கிப் பாடப்பட்டவை அவை.